பத்து விநாடி முன்னால், பத்து விநாடி பின்னால்

எங்கள் மலையில் கல்யாண வீட்டுக்கு முதலில் வந்து சேர்கிறவர் சமையல்காரர் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. அவரையும் முந்திக்கொண்டு இவர் வந்துவிடுவார். வீட்டில் யாரும் பல்கூட விளக்கியிருக்க மாட்டார்கள். தலையில் குரங்குக் குல்லாவும் தோளில் கறுப்புப் பெட்டியுமாக வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா? மிஷின் பழகணும்" என்பார்.

மிஷின் என்று அவர் சொன்னது வீடியோ கேமராவை. மற்ற கல்யாண வீடியோக்காரர்கள் கையடக்கமான கேமராவோடு திரிந்த காலத்தில், அவரிடம் இருந்தது டிவிக்காரர்கள் தோளில் சுமக்கிற பெரிய எச்டி டேப் கேமரா. ஏதோ ஒரு ஸ்டுடியோ கழித்துவிட்டதை வாங்கியது. காடு, காட்டுமாடு என்று படமெடுக்க வெளியூர்க் கம்பெனிகள் வந்தால் அவர்களோடு போவார். அந்தச் சோலி இல்லாத நாட்களில் கல்யாணம், காதுகுத்து, ஓட்டல் திறப்பு விழா. நாயுடுபுரத்தில் என் சித்தி வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். நானும் பூண்டியிலிருந்து வந்து, நாயுடுபுரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து, சித்தி வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஐந்து வருஷம் ஒரே வாசலில் ஏறி இறங்கினோம். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் ரோஜாப்பூ சுழலச் சுழலத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாத ஒரே வீடியோக்காரர் அவர். அந்த வழக்கத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

அந்த மிஷினுக்கு என்ன பழக வேண்டும் என்று நான் வந்த புதிதில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரம் பிடித்துக்கொண்டார். கேமராவுக்குள் ஓர் உருளை வேகமாகச் சுற்றும், அதைத் தழுவிக்கொண்டு டேப் ஓடும். குளிரில் கிடந்த மிஷினை வெதுவெதுப்பான ஈரமான இடத்துக்குள் கொண்டுபோனால் உருளையில் நீர் பூத்துவிடும். கண்ணாடி போட்டவர்கள் பனியிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்தால் கண்ணாடி வெளுத்துப்போகிறதே, அதேதான். ஈரத்தில் டேப் ஒட்டிக்கொண்டால் கிழிந்துபோகும். அதனால் மிஷினே முந்திக்கொண்டு 'டியூ' என்று ஒரு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். பனித்துளி இருக்கிறது என்று அர்த்தம். பிறகு யார் கெஞ்சினாலும் ஓடாது.

"கோவம் இல்லீங்க டீச்சர், பயம்" என்றார். "டேப்பு கிழிஞ்சிருமேன்னு பயந்து வாய மூடிக்கிருது. சும்மா விட்டா ஒரு மணி நேரத்துல தெளிஞ்சிரும். அவசரப்படுத்தக் கூடாது. ஊதக் கூடாது, தொடைக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் காட்டவே கூடாது."

கொடைக்கானலில் வெளியே ஒரு குளிர், கல்யாண வீட்டுக்குள்ளே ஆவியும் புகையும் கூட்டமுமாக வேறொரு வெப்பம். அதனால் எந்த வீட்டில் படம் எடுக்க வேண்டுமோ அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்து, கேசட் போடுகிற மூடியைத் திறந்து வைத்து, மிஷினை அந்த வீட்டுக் காற்றுக்குப் பழக்குவார். பக்கத்தில் அவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அவர் இருப்பதையே வீட்டார் மறந்துவிடுவார்கள். மறந்துபோய், பாதியில் விட்ட சண்டையை எடுத்து நடத்துவார்கள். நகை பத்தவில்லை என்ற சண்டை, மாமனை மதிக்கவில்லை என்ற சண்டை, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று அப்போதுதான் தெரியவந்த சண்டை. இந்த மலையில் பாதிக் குடும்பங்களின் ரகசியம் அவருக்குத் தெரியும்.

சித்திக்கு அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. சாயங்காலம் டீயும் முறுக்குமாக மாடிப்படியில் நின்றுகொண்டு வாயைக் கிண்டுவாள்.

"ஏந்தம்பி, அந்த வீட்டுல மாப்பிள்ளையோட அக்கா கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னாளாமே, என்ன விசயம்?"

"டேப்பு ஓடலீங்களே அக்கா. எனக்கு எப்படித் தெரியும்?"

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். டேப் ஓடாத நேரத்தில் பார்த்தது எதுவும் அவர் பார்த்தது ஆகாது. சித்தி முறுக்குத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

பெருமாள்மலையில் ஒரு ஓட்டல் திறப்பு விழா நடந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. நாலு வீடியோக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் பனியில் வாசலில் நின்றார்கள். இவர் மட்டும் ஹீட்டர் போட்ட ஹாலுக்குள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் வேல பாக்குறாங்க, நீங்க என்னமோ குளிர் காயுறீங்க" என்று ஓட்டல்காரர் திட்டியிருக்கிறார். இவர் எழுந்திருக்கவில்லை. பெரிய மனிதர் வந்தார், மூன்று பேரும் அவர் பின்னாலேயே பனியிலிருந்து ஹாலுக்குள் ஓடிவந்தார்கள். ஒருவருடைய லென்ஸ் வெளுத்துப்போயிற்று, மற்ற இருவருடைய கேமராவிலும் விளக்கு எரிந்து டேப் நின்றுபோயிற்று. ரிப்பன் வெட்டியது இவர் கேமராவில் மட்டும்தான் இருந்தது. சாயங்காலம் ஓட்டல்காரர் பெரிய கேக் பெட்டியோடு சித்தி வீடு தேடி வந்தார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க, முந்தி வந்தேன், அவ்வளவுதான்" என்று இவர் நெளிந்தார். கேக்கில் பாதியைச் சித்தியும் நானும் தீர்த்தோம்.

முந்துவது மிஷினுக்காக மட்டும் இல்லை. எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே மூஞ்சிக்கல் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். ரேஷன் கடை திறக்கிறவருக்கே முன்னால் போய் நிற்பார். ஒரு தடவை சித்தி அலுத்துப்போய்க் கேட்டுவிட்டாள்.

"நீ பொறந்ததும் பத்து மாசம் பொறுக்காம வெரசாப் பொறந்துட்டியா?"

அவர் சிரித்தார். அவருடைய அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். வீட்டில் தோட்டத்துப் பேச்சு கொஞ்சம் மிச்சம் இருந்தது. 'கீழே' என்பதற்குப் 'பணிய' என்பார். வத்தலக்குண்டுக்குப் போனாலும் திண்டுக்கல்லுக்குப் போனாலும் "பணிய போறேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்.

"எங்கப்பா தோட்டத்துல காலைப் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்துனதில்லீங்க அக்கா. பேரு கூப்பிடுறப்ப மொத வரிசையில நிப்பாராம். கப்பலுக்கு மட்டும் பிந்திட்டாரு. ஒரு காயிதம் வாங்கப் போயி ஒருநாள் தவறிப்போச்சு. அவங்க அக்கா குடும்பம் போயிருச்சு. எட்டு மாசம் கழிச்சு இவரு வந்து சேர்றப்ப அக்கா உசுரோட இல்ல. அதுலயிருந்து எங்க வீட்டுல எல்லாத்துக்கும் முந்திதான்."

சித்தி அதற்குப் பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டாள்.

கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் மனிதர் நிறுத்த மாட்டார். ஒரு படத்தில் ஆயிரத்து எண்பது வரி. ஒவ்வொரு வரியிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி வர வேண்டும், அதை ஆயிரத்து நானூற்று நாற்பதாகச் சுருக்கி டேப்பில் எழுதும், காட்டுகிறபோது மறுபடி விரித்துக்கொள்ளும். விநாடிக்கு இருபத்தைந்து படம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர். இதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனதற்கு அவர்தான் காரணம், ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. வெளிச்சத்துக்கு மூன்று பங்கு எழுதும், நிறங்களுக்கு ஒவ்வொரு பங்குதான் எழுதும் என்றார் ஒருநாள். சித்தி காய் நறுக்கிக்கொண்டே, "சாம்பாருக்குப் பருப்பு மூணு, புளி ஒண்ணு, மொளகா ஒண்ணு" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியாத்தான் சொல்றீங்க" என்றார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. எதை எடுத்தாலும் பத்து விநாடி முன்னால் டேப்பை ஓட விடுவார். முடிந்த பிறகும் பத்து விநாடி நிறுத்த மாட்டார். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான்தான் வரவேற்புரை. "டீச்சர், ஒரு பத்து விநாடி சும்மா நில்லுங்க, பெறகு பேசுங்க" என்றார். சும்மா நிற்பது எனக்கு வராத கலை. முந்தானையை இழுத்தேன், தொண்டையைச் செருமினேன், மேடையில் யாரையோ முறைத்தேன். அத்தனையும் டேப்பில் இருந்தது. எடிட் செய்யும் மிஷின் ஓடி வேகம் பிடிக்க முன்னால் இடம் வேண்டும் என்று காரணம் சொன்னார். சரி, பின்னால் எதற்கு என்று கேட்டேன்.

"பேசி முடிச்சு, எடுத்தாச்சுன்னு நெனப்பாங்கள்ல, அப்பத்தான் டீச்சர் மனுசன் மொகம் வரும்" என்றார்.

அப்போது இந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு அப்பாவுக்கு வயிற்றில் நோய் கண்டது. அவர் பூண்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிற சம்சாரி. ஒரு நாளும் படுத்தவர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர், அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்குதான் என்று சொல்லிவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு மலையேறக் கூடாது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றால், அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கிடையாது. அப்பாவே முடிவு செய்தார்.

"தேதிய மாத்தக் கூடாது. தம்பியும் அவன் பொண்டாட்டியும் தாரை வார்க்கட்டும். நான் இங்கன கெடந்து பாத்துக்கிறேன்."

"எப்படிப்பா பாப்பீங்க?"

"அதான் உங்க மாடியில ஒரு தம்பி இருக்காருல்ல, பெரிய கேமரா வச்சிருக்காருன்னு சொல்லுவியே. எடுத்தாந்து காட்டச் சொல்லு. முடிச்சு விழறப்ப எம்மக மொகத்த நான் பாக்கணும்."

அம்மா அப்பாவை விட்டு வர மறுத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் அந்த டேப்தான் கல்யாணம். இன்றைக்கு என்றால் போனிலேயே நேரடியாகக் காட்டியிருப்போம். அன்றைக்குப் பூண்டியில் போன் பேசவே டவர் தேடி மேட்டில் ஏற வேண்டும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வாரம் முன்னாலேயே பணிய இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பாவின் கட்டிலருகில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, சின்ன டிவியை எங்கே வைத்தால் ஜன்னல் வெளிச்சம் அடிக்காது என்று பார்த்துவிட்டு வந்தார். வார்டுக் கதவிலிருந்து கட்டில் எத்தனை அடி என்றுகூட அளந்தார் என்று அம்மா சொன்னாள்.

கல்யாணம் பூண்டியில் எங்கள் வீட்டு முன்பந்தலில். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. ஆறே காலுக்குத் தாலி கட்டுவதாக ஏற்பாடு. இவர் வெள்ளனே, நாலு மணிக்கே வந்து, கேமராவை வீட்டு முன்னறையில் மூடி திறந்து வைத்துவிட்டார். ஐந்தரைக்கு எல்லாம் சரியாக இருந்தது. மணவறையில் எங்கே நிற்பது என்று பார்க்கப் பந்தலுக்குப் போனார். போனது பத்தே நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என் சித்தப்பா முன்னறைக்கு வந்தார். சித்தப்பா நல்லவர். அவருடைய தொல்லைகள் எல்லாமே அவருடைய நல்ல மனசிலிருந்து வருகிறவை. மூடி திறந்த கேமராவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், ஜில்லென்று இருந்திருக்கிறது. அண்ணனுக்குக் காட்ட வேண்டிய மிஷின், குளிரில் விறைத்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பதறி, குழந்தையைத் தூக்குவதைப் போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், சமையல் கொட்டகையில் பொங்கல் வெந்துகொண்டிருந்த அண்டா ஓரமாக வைத்துவிட்டார். போதாததற்கு மேலே ஒரு துண்டையும் போர்த்தினார்.

நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கேமராவோடு பந்தலுக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், டியூ எரியுது" என்றார். "ஒரு மணி நேரம் ஆகலாம். முந்தியும் தெளியலாம். தெளியாமயும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார்.

"மிஷினுக்காக முகூர்த்தம் பாக்குற வீட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன். யாருகிட்டயாச்சும் போன் இருந்தா அதுல எடுங்கப்பா. கட்டுங்க வெரசா."

அன்றைய போனில் எடுத்த வீடியோவில் மாப்பிள்ளை யார், மணைப்பலகை எது என்று கண்டுபிடிக்கவே ஒரு பொழுது ஆகும். அதில் அப்பா என்னத்தைப் பார்ப்பார்? கூட்டத்தில் பெரியவர்கள் பேசும்போது மணப்பெண் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்கப்பாவுக்குக் காட்டத்தான் இந்தக் கல்யாணம் இன்னைக்கு நடக்குது. ஏழரைக்குள்ள கட்டுனா முகூர்த்தம்தானே? நான் எந்திரிக்க மாட்டேன். நீங்களும் உக்காருங்க பெரியப்பா."

அப்போதுதான் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். "ஏழரை வரைக்கும் நேரம் கெடக்கு பெரியப்பா. உக்காருவோம்" என்றார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சரியான நேரத்தில் எதுவும் பேசியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன்.

இவர் கேமராவைப் பூண்டு காயவைக்கிற அறைக்குக் கொண்டுபோனார். ஆவி கிடையாது, புகை கிடையாது, காற்றோட்டம் மட்டும். எல்லாரையும் வெளியே அனுப்பினார். உங்கள் மூச்சே ஈரம்தான், போங்கள் என்றாராம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து, தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துத் தலையசைப்பார், இன்னும் இல்லை என்று. ஆறரை ஆயிற்று. ஆறே முக்கால் ஆயிற்று. புகையில் கண் எரிந்தது, கால் மரத்துப்போயிற்று. ஐயர் மூன்றாவது தடவையாக அதே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஏழு மணிக்கு அவர் வந்து தலையசைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வார்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அப்பா காத்திருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு, கேமரா தோளில் இருக்க, ஓடி வந்தார். அவர் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஓடவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லையே. சித்தப்பா கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து என் முகத்தருகே பிடிக்கச் சொன்னார். வெள்ளையை முதலில் காட்டினால்தான் மிஷின் மற்ற நிறங்களைச் சரியாக எழுதும்.

"ஓடுதுங்க" என்றார். பிறகு, அத்தனை அவசரத்திலும், "ஒரு பத்து விநாடி சும்மா இருங்க டீச்சர்" என்றார்.

அந்தப் பத்து விநாடி நான் சும்மா இருந்தேன்.

தாலி கட்டி முடிந்தது. பந்திக்குக் கூப்பிட்டால் அவரைக் காணவில்லை. கேரட் ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டியில் முன்சீட்டில், மடியில் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். சித்தி இலையில் இட்லி கட்டிக்கொண்டு ஓடினாள்.

"சாப்பிட்டுப் போனா என்ன தம்பி? பொண்ணும் மாப்பிள்ளையும் பத்து மணிக்குக் கிளம்புறாங்கள்ல, காருலயே போயிரலாமே."

"இங்க பத்து டிகிரி, பணிய முப்பத்தஞ்சு. கொண்டுபோன ஒடனே மறுபடி டியூ எரியும் அக்கா. அங்க போயி அந்த வெக்கைக்குப் பழகணும். இவங்க மெதுவா வரட்டும். மிஷின் முன்னாடி போகணும்."

நாங்கள் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா ஒரு சின்னத் தட்டில் ஆரத்தியோடு நின்றாள். வாட்ச்மேன் வழி விட்டார். மாலை கசங்கிய கோலத்தில் நான் வார்டுக்குள் ஓடினேன். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலருகில் சின்ன டிவி, வயர், ஸ்டூலில் கேமரா. இவர் ஏதோ பட்டனை அமுக்கிவிட்டு, "வாங்க டீச்சர், மிஷின் ரெடி" என்றார்.

அப்பா மூன்று தடவை பார்த்தார். அந்த வார்டில் எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்று என் கல்யாணத்தைப் பார்த்தார்கள். முடிச்சு விழுகிற இடம் வந்தபோது அப்பா டிவிக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "ஏன் தாயி இம்புட்டுக் குனிஞ்சிட்ட, நிமிந்து உக்காந்திருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சித்தப்பா கேமராவுக்குத் துண்டு போர்த்திய கதையைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியோடு சிரித்தார். மூன்று வாரத்தில் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவர் டிவிடி போட்டுக் கொடுத்தார். கூடவே அந்தக் கேசட்டையும் கொடுத்தார். யாரும் மேலே எதையும் பதிவு செய்துவிட முடியாதபடி அதன் பூட்டைத் தள்ளி வைத்திருந்தார்.

"இது போடுற மிஷின் இல்லாட்டி இது வெறும் டப்பாதான் டீச்சர். இருந்தாலும் வச்சிருங்க. பின்னாடி ஒரு நாள் எங்கயாச்சும் போட்டா, பாதியில எடுக்காதீங்க. கடைசி வரைக்கும் ஓட விடுங்க."

டேப்பைப் பாதியில் நிறுத்தினால் சுருள் தளர்ந்து கெட்டுப்போகும், அதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொல்லித்தான் அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து, டேப் கேமராவுக்கு வேலை குறைந்துபோய், கூடலூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்குப் போனார். வழியனுப்பலாம் என்று நான் மூஞ்சிக்கல்லுக்கு ஓடியபோது பஸ் கிளம்பவில்லை. ஜன்னலோரத்தில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன், ஏனோ "சாப்பிட்டீங்களா அண்ணே" என்றுதான் வந்தது. அவர் கொடுத்திருந்த நம்பர் பிறகு வேலை செய்யவில்லை.

டிவிடி கீறல் விழுந்து நின்றுபோயிற்று. கேசட் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. போன மாதம் மதுரையில், பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற ஒரு கடை இருப்பது தெரிந்து கொண்டுபோனேன். கடையை நடத்துகிறவர் என் வயதுப் பெண்மணி. கேசட்டுக்குள் இருந்த சீட்டை எடுத்துப் படித்தார். எங்கள் வீடியோக்காரருடைய குண்டு குண்டான எழுத்து. நிறம் சரிபார்க்கிற கலர் பார் ஒரு நிமிஷம், முகூர்த்தம் முப்பத்தாறு நிமிஷம், கடைசியில் 'டெஸ்ட்'.

"டெஸ்ட்டுன்னு பதினோரு நிமிசம் போட்டிருக்காருங்க. சும்மா கேமரா சரியா இருக்கான்னு ஓட்டிப் பாத்திருப்பாங்க. அத வெட்டிரவா?"

சரி என்று சொல்ல இருந்தேன். சத்தியமாகச் சொல்ல இருந்தேன். கடைசி வரைக்கும் ஓட விடுங்கள் என்று அவர் சொன்ன குரல் காதில் கேட்டது. "இருக்கட்டும்ங்க, ஓட விடுங்க" என்றேன்.

கல்யாணம் முடிந்தது. திரை ஒரு தடவை கறுத்து, வெளுத்தது. அப்பா. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, என் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரிய நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க ஐயா" என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல்.

"அந்த டியூ லைட்டு போயிருச்சா தம்பி?"

"போயிருச்சுங்க. ஓடுதான்னு சும்மா ஒரு டெஸ்ட்டு. பெறகு கல்யாணத்தப் போட்டுக் காட்டுறேன்."

"எம்புட்டு நேரம் ஓடும்?"

"பதினோரு நிமிசம் டேப்பு மிச்சம் இருக்குங்க."

அப்பா பத்திரிகையை மடியில் வைத்தார். "அவ கல்யாணத்த நீங்க எனக்குக் கொண்டாந்துட்டீங்க. நான் இங்கன கெடந்து அவளப் பாக்கறத அவளுக்கு யாரு காட்டுவா? கதவப் பாத்து வைங்க தம்பி. அவ வர்றதப் பிடிங்க."

"சரிங்க ஐயா."

"இப்பக் காட்டாதீங்க. அழுவா. பின்னாடி ஒரு நாள் பாத்துக்கிறட்டும்."

கேமரா திரும்பியது. அதற்கப்புறம் வார்டுக் கதவு மட்டும்தான். அம்மா தட்டோடு வெளியே போனாள். ஒரு நர்ஸ் வந்தார், போனார். டிராலி ஒன்று போனது. படத்தில் யாரும் இல்லாமல் இரண்டு குரல்கள் மட்டும்.

"எம்புட்டு இருக்கு தம்பி?"

"ஏழு நிமிசம் இருக்குங்க."

"பெருமாள்மலை தாண்டியிருப்பாளா?"

"அதெல்லாம் எப்பவோ தாண்டியிருப்பாங்க."

"வேற டேப்பு இல்லையா?"

"அவசரத்துல மத்தத எல்லாம் மேல பூண்டியிலயே வச்சிட்டு வந்துட்டேன் ஐயா." அந்தக் குரலில் இருந்த வருத்தத்தை நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

நாலு நிமிஷம் என்றார். ரெண்டு என்றார். ஒன்று என்றார். நான் வந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் மதுரைக் கடையில் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். வா, வெரசா வா என்று என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண்மணியும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. கசங்கிய மாலையும், காற்றில் கலைந்த தலையும், வாயெல்லாம் பல்லுமாக நான். கேமராவை நான் பார்க்கவே இல்லை. அதற்குக் கொஞ்சம் இடது பக்கமாக, அப்பா இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தேன்.

"வந்துட்டா" என்றார் அப்பா.

அந்தச் சொல்லோடு படம் நின்றது. டேப் தீர்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால் பத்து விநாடி விடுகிற மனிதரிடம் அன்றைக்கு ஒரு விநாடிகூட மிச்சம் இல்லை.

"இன்னொரு தடவ போடவாங்க?" என்று கடைக்காரப் பெண்மணி கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் போடச் சொன்னேன்.